மதகில் நிற்கிறவன்

எழுபத்தைந்தாம் வருஷம், தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது நான் கழிமேட்டு உப்பளத்துக்கு மேஸ்திரி வேலைக்கு வந்து சேர்ந்தேன். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒன்றரை மைல் கரைமேல் நடந்தேன். ஒரு பக்கம் உப்பங்கழித் தண்ணீர். மறுபக்கம் பாத்தி பாத்தியாகச் சாம்பல் நிறச் சேறு. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் மேலேயிருந்தும் அடித்தது, சேற்றிலிருந்து கிளம்பியும் அடித்தது.

எனக்குத் தங்கக் கொடுத்த இடம் வெள்ளைக்காரன் காலத்து உப்பு பங்களா. பங்களா என்பது பெயருக்குத்தான். சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. கதவை உப்புக்காற்று தின்று சல்லடையாக்கியிருந்தது. உள்ளே வௌவால் நாற்றம், சேற்று நாற்றம். இரண்டுக்கும் நடுவே சம்பந்தமே இல்லாமல் இன்னொரு வாசனை. பித்தளைப் பட்டனைத் துடைக்கப் போடுகிற பாலிஷ் வாசனை. போலீஸ்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன் நான், அது எனக்குத் தெரியும்.

என் பெயர் செல்லப்பன். ஊர் பெருமுக்கல். கோபக்காரன். ஒருவர் பேசி முடிப்பதற்குள் எனக்குப் பாதி புரிந்துவிடும். மீதியை நானே முடிவு பண்ணிக்கொண்டு எழுந்துவிடுவேன். இந்த விஷயத்தில் நான் பட்ட பாட்டுக்கு அந்தக் குணம்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது பாத்தி மிதிக்கிற காலம். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களிமண் தரையை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். நாள்கணக்காக மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரை மாதிரி இறுக்கிய பிறகுதான் மதகைத் திறந்து கழித் தண்ணீரை உள்ளே விடுவோம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. மிதிக்கிறவர்கள் வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். செருப்பு விளிம்பு பட்டால்கூடத் தரை கீறிப்போகும், அந்தக் கீறலில் உப்பு அழுக்காக விளையும்.

முதல் நாள் மத்தியானம் எல்லோரும் கூழ் குடிக்கக் கரையேறிவிட்டார்கள். நான் மட்டும் பாத்தியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பாத்தி தள்ளி, கரையில் மதகு தெரிந்தது. இரண்டு செங்கல் சுவர், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி. அந்த வழியை அடைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். காக்கிச் சட்டை. முதுகைப் பின்னால் கொடுத்து, கைகளை இரண்டு சுவரிலும் ஊன்றி நின்றான். ஒரு கால் பூட்ஸ். இன்னொரு கால் மரக்கட்டை.

வழியை அடைக்கிற மதகுப் பலகைமேல் சாய்ந்து இளைப்பாறுகிறான் என்று நினைத்தேன். கையை ஆட்டினேன். அவன் ஆட்டவில்லை.

கானல் ஓடிக்கொண்டிருந்தது. கரை நெளிந்தது. மதகுச் சுவர் நெளிந்தது.

அந்த ஆள் மட்டும் நெளியவில்லை.

பங்களாவை ஒட்டிக் கரைமேல் ஒரு குடிசை. அதில் அஞ்சம்மாள் என்ற பெண் இருந்தாள். எனக்குச் சோறு பொங்கிப் போடுவது அவள்தான். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் காலணா அளவுக்குப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. சாப்பிடும்போது கேட்டேன்.

"மதகாண்ட நிக்கற ஆளு யாரும்மா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு காலு கட்டை."

கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பை ஊற்றினாள். பிறகு சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு."

"காவலுக்கு நிக்கறாரா?"

"ஆமாங்க. காவலுக்குத்தான்."

எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் பாத்தியைப் பார்த்த எனக்குத் தலைக்கேறிவிட்டது. முந்தின நாள் இருபது பேர் மிதித்து வைத்த தரைமேல் ஒரு நடை தெரிந்தது. ஒரு பூட்ஸ் தடம், ஒரு வட்டக் குழி. ஒரு பூட்ஸ் தடம், ஒரு வட்டக் குழி. மதகிலிருந்து கிளம்பி, பாத்தியைக் குறுக்கே கடந்து, ஊர் எல்லைக் கல் வரைக்கும் போயிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கமே நின்று, திரும்பி, வந்த வழியே மதகுக்கு வந்திருந்தது. குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கழித் தண்ணீர்.

தனக்கோடி என்று ஒருவன், மிதிக்கிற ஆட்களில் மூத்தவன், அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "யாரு பூட்ஸ் போட்டுக்கினு எறங்கனது?"

அவன் தடத்தைப் பார்த்தான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "அது அரசப்பன் காலு மேஸ்திரி. அவரு செத்துட்டாருங்க. கருமாதியே பண்ணியாச்சி."

"செத்தவன் எப்படிய்யா நேத்து மதகுல நின்னான்?"

தனக்கோடி மென்று விழுங்கிச் சொன்ன கதை இது. அரசப்பன் பட்டாளத்தில் சாப்பர். கண்ணிவெடி எடுக்கிற வேலை. எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில் கிழக்கே போயிருந்தான். மார்கழியில் ஊருக்கு ஒரு தந்தி வந்தது, ஆளைக் காணவில்லை என்று. அவனுக்குப் பெரியப்பா முறை பக்தவச்சலம். கழிமேட்டுக்குப் பஞ்சாயத்துத் தலைவர், இந்த உப்பளத்துக்குக் குத்தகைதாரர், எனக்கு முதலாளி. தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பங்காளி செத்த தீட்டோடு கல்யாணம் நடக்காது. செத்தானா இல்லையா என்று தெரியாமல் ஆறு மாதம் காத்திருக்கவும் முடியாது. ஆகவே செத்துவிட்டான் என்றே வைத்துக்கொண்டு, வைக்கோலில் ஓர் உருவம் செய்து கொளுத்தி, பதினாறாம் நாள் கருமாதி செய்து, அஞ்சம்மாளின் தாலியை அறுத்துத் தீட்டைக் கழித்துவிட்டார். தையில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது.

வைகாசியில் அரசப்பன் உயிரோடு வந்து நின்றான். வெடியில் ஒரு கால் போய், பேர்கூடச் சொல்ல முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து, மரக்கால் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"கருமாதி பண்ண ஆளு ஊருக்குள்ள வந்தா ஊரு வெளங்காதுன்னு தலைவரு சொல்லிட்டாருங்க. எல்லைக் கல்லுக்கு அந்தாண்டயே நிறுத்திட்டாங்க. உப்பு பங்களாவுல இருந்துக்கோன்னு வுட்டாங்க. அஞ்சம்மா மட்டும் அவராண்ட வந்துடுச்சி. தானே ஒரு மஞ்சக் கயித்தைக் கட்டிக்கிச்சி. அப்பறம் போன கார்த்திகையில மழை..."

"நிறுத்துய்யா!" என்றேன். அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. ரத்தம் கொதித்தது. நாட்டுக்குக் காலைக் கொடுத்துவிட்டு வந்தவனை, மூச்சு விட்டுக்கொண்டிருப்பவனை, செத்தவன் என்று வெளியே நிறுத்தி வைக்க ஓர் ஊர். அவன் பாவம், விடியற்காலையில் எல்லைக் கல் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறான். "நீங்கல்லாம் மனுசங்களாய்யா? தடத்தை அப்படியே வுடுங்க. எவனும் மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். தனக்கோடி பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அவனைப் பார்த்தேன். அதே இடம், அதே நிலை. பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். ஒரு சொம்பில் கூழை ஊற்றிக்கொண்டு மதகை நோக்கி நடந்தேன். ஆட்கள் எல்லாம் கரையில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போவதைப் பார்த்து ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

நெருங்க நெருங்க அந்தப் பாலிஷ் வாசனை வந்தது.

பக்கத்தில் போனபோதுதான் கவனித்தேன். நெஞ்சு வரைக்கும் சட்டை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நெருப்பாகக் காயும் வெயிலில், தலைமுடி காய்ந்திருக்க, நெஞ்சுக்குக் கீழே மட்டும் ஈரம். புருவத்திலும் இமையிலும் உப்புப் பூத்திருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை. பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால் தண்ணீரின் முனகல். நிறையத் தண்ணீர்.

"எல்லாரும் ஏறிட்டாங்களா?"

நாள்கணக்காகக் கத்தித் தொண்டை கட்டிப்போனவன் குரல். வாய் அசைந்ததாகவே தெரியவில்லை.

"ஏறிட்டாங்கப்பா. எல்லாரும் கரையேறி கூழு குடிக்கறாங்க. நீயும் வா."

அவன் கண்ணை மூடினான். தோள் கொஞ்சம் தளர்ந்தது. அவனுக்குத் தெம்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. "ஞாயித்துக்கெழமை குடியரசு தினம். பட்டாளத்துக்குப் போனவங்க பேரெல்லாம் போட்டுப் பள்ளிக்கூடத்தாண்ட கல்லு நிறுத்தறாங்களாம். உன் பேரும் இருக்கும். நீ வரணும். எவன் தடுக்கறான்னு நான் பாக்கறேன்."

கண்ணைத் திறந்தான். இப்போது என்னைப் பார்த்தான்.

"தேதி தப்பா கீது."

"எந்தத் தேதி?"

அவன் கண் மறுபடி பாத்திகளுக்குப் போய்விட்டது. சொம்பை அவன் கைப்பக்கம் நீட்டினேன். என் விரல் அவன் கைமேல் பட்டது. ஆழத்துத் தண்ணீருக்குள் கிடக்கிற இரும்பைத் தொட்டதுபோல் குளிர்ந்தது. விருட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

என் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. நாள் முழுக்கத் தண்ணீரில் வைத்திருந்த விரல்கள் அப்படித்தான் இருக்கும்.

சொம்பைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உடம்பு சரியில்லாத ஆள், காய்ச்சலோ என்னமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடை மட்டும் ஓட்டமாகிவிட்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே பக்தவச்சலம் வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தக் கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். கல்தச்சர் ஆதிமூலம் உளியோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து பெயர் வெட்டியாகிவிட்டது. கடைசிப் பெயரைப் படித்தேன். 'சாப்பர் அரசப்பன். 1971 போரில் உயிர் நீத்தார்.'

தேதி தப்பு என்று அவன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"இன்னா அநியாயம் இது?" என்றேன். "உசுரோட கீற மனுசனுக்குச் செத்த வருசம் வெட்டறீங்க?"

பக்தவச்சலம் ஊஞ்சலில் இருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். "யாரு உசுரோட கீறது?"

"அரசப்பன்தான். இன்னிக்கி மத்தியானம்கூட மதகாண்ட பேசிட்டு வர்றேன்."

ஊஞ்சல் நின்றது. ஆதிமூலம் கையிலிருந்த உளி கல்லில் விழுந்தது. தலைவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரகசியம் மாதிரிச் சொன்னார்:

"அவன் செத்து ரெண்டு மாசம் ஆவுது செல்லப்பா."

எனக்குக் காதுக்குள் தண்ணீரின் முனகல் கேட்டது.

"கார்த்திகை மழையில போயிட்டான். அதை ஏன் இப்ப கெளறணும்? ஊருக்கு ஒரு மானம் வேணுமில்ல? சண்டையில செத்தான்னு கல்லுல இருந்தா அவனுக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம். நீ வேலையைப் பாரு. இதைப் பத்தி வாயைத் தொறந்தா பொட்டியைத் தூக்கிக்கினு ஊரு போய்ச் சேரு."

எப்படி அஞ்சம்மாள் குடிசைக்கு வந்தேன் என்று தெரியாது. அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவளே சொன்னாள்.

"அன்னிக்கி அடை மழைங்க. தாழ்வா கீற உப்பு குடோன்ல நாங்க இருவத்திரெண்டு பொம்பளைங்க மாட்டிக்கினோம். கழித் தண்ணி ஏறி மதகுப் பலகை ரெண்டா வுட்டுப்போச்சி. அவரு போயி முதுகைக் குடுத்து நின்னுட்டாரு. எல்லாரும் ஏறிட்டாங்களா, எல்லாரும் ஏறிட்டாங்களான்னு கத்திக்கினே இருந்தாரு. நாங்க உசுருக்குப் பயந்து கரையில ஓடனோம். யாரும் திரும்பி ஒரு பதில் சொல்லல. நானும்தான் சொல்லல." அவள் விளக்குத் திரியைத் தூண்டினாள். "ரெண்டு நாளு கழிச்சித் தண்ணி வடிஞ்சப்ப நின்ன மேனிக்கே இருந்தாரு. கட்டைக்காலு சேத்துல எறங்கி முட்டு குடுத்திருந்திச்சி. ஒரு ஆளுக்கு எப்படி ரெண்டு கருமாதி பண்றதுன்னு ஊருல யாரும் வரல. நான்தான் கரையில குழி வெட்டி வெச்சேன். இந்தக் கயித்தை அறுக்கவும் ஒருத்தரையும் வுடல. ஒருவாட்டி பொய்யா அறுத்த கையி, மறுக்கா இதைத் தொடக் கூடாது."

"அவரு கேட்டாரும்மா" என்றேன். "நான் பதில் சொல்லிட்டேன். எல்லாரும் ஏறிட்டாங்கன்னு சொன்னேன். கண்ணை மூடனாரு."

அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். "எனக்குக் கண்ணுல தெரிய மாட்டேங்கறாருங்க. நடக்கற சத்தம் மட்டும் கேக்கும். எப்படி கீறாரு? எளச்சிட்டாரா?"

"நல்லா கீறாரு" என்றேன்.

"பதிலும் சொல்லியாச்சி. அப்பறம் எதுக்கு இன்னும் நிக்கறாரு?"

தேதி தப்பு என்று அவன் சொன்னதைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்ற இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"கரெக்டுதாங்க" என்றாள். "எழுவத்தொண்ணுல செத்தாருன்னா, என்கூட வாழ்ந்த ரெண்டரை வருசம் யாரு? எங்களைக் கரையேத்தனது யாரு? பொய்யைக் கல்லுல வெட்டி நட்டுட்டா அப்பறம் அதுதான் நெஜம். நான் வுடமாட்டேன்."

நானும் விடமாட்டேன் என்றேன். பயம் இருந்தது. ராத்திரி முழுக்க வெளியே கரைமேல் டக் என்றும் சரக் என்றும் நடை கேட்டது, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தேன். ஆனால் பெட்டியைக் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பக்தவச்சலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்லை நட்டு மாலை போட்டிருந்தார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற நாலு பேர் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவரான நாயக் முருகையன் கையில் காகிதம். பெயர் படிக்க வேண்டியது அவர். ஒவ்வொரு பெயருக்கும் உரியவர், வந்திருக்கிறேன் என்பதற்குப் பட்டாளத்து வழக்கப்படி, "ஹாஜர்" என்று சொன்னார், கடைசியில் முருகையனும் தன் பெயரைப் படித்துத் தானே சொல்லிக்கொண்டார்.

"சாப்பர் அரசப்பன்" என்று ஆரம்பித்தார். "ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்று போரில்..."

"இல்ல."

அஞ்சம்மாள் எழுந்து நின்றிருந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டி இரண்டரை வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் ஊருக்குள் வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போய் நானும் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"உக்காரு" என்றார் தலைவர்.

"உக்காரதுக்கு வரல மாமா." அங்கே பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். அஞ்சம்மாள் சொன்னாள். "அரசப்பன். என் புருசன் பேரு அரசப்பன். அவரு எழுவத்தொண்ணுல சாவல. நீங்க வெக்கோலைக் கொளுத்தினீங்க. அவரு செத்தது போன கார்த்திகையில, மதகுல, எங்களைக் கரையேத்திட்டு. அப்படியே வெட்டுங்க. இல்லன்னா அவரு பேரே வேணாம்."

பிறகு லட்சுமியம்மாள் என்ற கிழவி எழுந்தாள். "நானும் அன்னிக்கி குடோன்ல இருந்தேன்" என்றாள். அப்புறம் பொன்னி எழுந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அப்புறம் இன்னொருத்தி. தலைவர் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அதட்டினார். அதட்ட அதட்ட எழுந்தார்கள்.

நாயக் முருகையன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு, பட்டாளத்துக் குரலில், அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"சாப்பர் அரசப்பன்!"

கொடி படபடப்பது நின்றது.

பாலிஷ் வாசனை.

எல்லைக் கல் பக்கமிருந்து காய்ந்த மணலில் ஒரு பூட்ஸ் தடம் விழுந்தது. ஈரமாக. அதற்கு முன்னால் ஒரு வட்டக் குழி.

டக்.

சரக்.

டக்.

ஆளைக் காணோம். அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. தடம் மட்டும் ஒவ்வொன்றாக வந்தது. கூட்டம் வழிவிட்டது. குழந்தைகள்கூட அழவில்லை. தடம் நாலு பேர் வரிசைக்கு வந்து, ஐந்தாவது இடத்தில் நின்றது.

"ஹாஜர்."

அதே கட்டிப்போன குரல். எல்லோரும் கேட்டார்கள். முருகையன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கை மட்டும் சல்யூட்டிலிருந்து இறங்கவில்லை.

பிறகு தடம் திரும்பியது. கல்லைக் கடந்து, மேஜையைக் கடந்து, தலைவரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது.

பக்தவச்சலத்தின் வேட்டி ஓரம் நனைந்தது.

ஈரம் முழங்காலுக்கு ஏறியது.

இடுப்புக்கு ஏறியது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டை நெஞ்சு வரைக்கும் கறுத்து நனைந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார். மூச்சு முட்டுகிறவன் முகம் அது. கடைசியில் கையைத் தூக்கிக் கல்லைக் காட்டினார்.

"ஆதிமூலம்... மாத்து... மாத்துடா..."

ஆதிமூலம் ஓடிப்போய் உளியை வைத்தார். ஒன்றை நாலாக்க இரண்டே கோடு. 'போரில்' என்பதைக் கொத்தி எடுத்துவிட்டு, அதே இடத்தில் 'மதகில்' என்று வெட்டினார். வெட்டி முடிக்கும் வரை ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. கடைசி எழுத்து முடிந்ததும் கொடி மறுபடி காற்றில் ஆடியது. தலைவர் இருமிக் கழித் தண்ணீரைக் கக்கினார்.

பக்தவச்சலம் அஞ்சம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. கேட்கவில்லை. வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார், அந்த வருஷம் உப்பளத்துப் பக்கம் வரவே இல்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து பாத்தியில் தடம் விழவில்லை. மத்தியானத்தில் மதகில் யாரும் தெரியவில்லை. உண்மையைக் கல்லில் பார்த்துவிட்டான், நிம்மதியாகப் போய்விட்டான் என்று பேசிக்கொண்டோம். அஞ்சம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை.

மாசிப் பௌர்ணமிக்குள் மிதி வேலை முடிந்தது. தரை கல்லாகிவிட்டது. கழியில் தண்ணீர் ஏறியிருக்கும் நாளாகப் பார்த்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, மதகைத் திறக்கத் தனக்கோடியையும் மூன்று ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன். கடப்பாறை, கயிறு எல்லாம் கொண்டுபோனோம். ஊறின பலகையைத் தூக்குவது லேசான வேலை இல்லை.

மதகுக்கு நேரே போய் நின்றோம்.

தனக்கோடி கையிலிருந்த கடப்பாறை நழுவியது.

பலகை இல்லை.

கார்த்திகையில் உடைந்த பலகை உடைந்ததுதான். முதலாளி போட்டிருப்பார் என்று ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். ஆட்கள் போட்டிருப்பார்கள் என்று முதலாளி நினைத்திருக்கிறார். அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு சுவருக்கும் நடுவே வெறும் வழி. அந்தப் பக்கம் நெஞ்சளவுக்குக் கழித் தண்ணீர். இந்தப் பக்கம் காய்ந்து வெடித்த சேறு.

தண்ணீர் வரவில்லை. வழியின் நடுவில் செங்குத்தாக நின்றது. ஒரு வைக்கோல் துரும்பு மிதந்து வந்து அதன் விளிம்பில் தட்டித் திரும்பிப் போனது. நின்ற தண்ணீரின் முகத்தில் ஒரு பள்ளம். அகலமான தோள், நேரான முதுகு, இரண்டு பக்கமும் ஊன்றிய கை. அந்த வடிவத்துக்குப் பள்ளம்.

ஆட்கள் மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். நானும் தனக்கோடியும் மட்டும் நின்றோம்.

அஞ்சம்மாள் கரைமேல் நடந்து வந்தாள். சத்தம் கேட்டு வந்திருப்பாள். என்னைத் தாண்டிக்கொண்டு போய் மதகுச் சுவர்மேல் நின்று உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த முதுகை அவளுக்குத் தெரியாமலா போகும்? முகத்தில் பயமே இல்லை. வெட்கம் மாதிரி ஒன்று வந்து போனது.

"இந்தா" என்றாள், மெதுவாக, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி. "பாத்திக்குத் தண்ணி வேணும். கொஞ்சம் வுடுய்யா."

சேற்றில் மரக்கட்டை நகரும் சத்தம் கேட்டது. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் சலசலத்து உள்ளே வந்தது. ஒரு பாத்தி நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது, ஆறும் நிறைந்தது. அவள் "போதும்" என்றாள். நின்றது.

மறுநாள் பக்தவச்சலம் எங்கிருந்தோ கேள்விப்பட்டுப் புதுத் தேக்குப் பலகை ஒன்றை மாட்டு வண்டியில் அனுப்பியிருந்தார். அஞ்சம்மாள் வண்டியைக் கரையிலேயே மறித்தாள். "எடுத்துக்கினு போ. இங்க ஆளு கீது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.